சோற்றைக் குறைப்போம், நிதானத்தைக் குறைக்க வேண்டாம்

சென்ற மாதம் என் நண்பர் ஒருவரை வைத்தியசாலைக் கட்டிலில் பார்க்க நேர்ந்தது. ஒரே ஆசிரியபீடத்தில் பதினேழு ஆண்டுகள் என்னோடு பக்கத்து மேசையில் அமர்ந்திருந்தவர். நெற்றியில் ஐந்து தையல். பேச்சில் இன்னும் சோர்வு. சலரோகக்காரர் என்பது எனக்கு முன்பே தெரியும். காலையும் மாலையும் கிளிக்கிளசைட் குளிசை எடுப்பவர்.

நடந்தது இதுதான். கனடாவிலுள்ள மருமகன் ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறார். சோறு, பாண், இடியப்பம், பிட்டு ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் கைவிட்டால் சலரோகம் ஓடிவிடும் என்பது அதன் சாரம். நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினார். காலையில் இரண்டு முட்டை, மதியம் மீனும் மரக்கறியும், இரவு ஒரு கோப்பை சூப். குளிசையை மட்டும் தவறாமல் எடுத்தார். வைத்தியர் தந்ததை நிறுத்தாமல் இருப்பதுதானே பொறுப்பான செயல் என்று அவர் எண்ணியதில் பிழை சொல்ல முடியுமா? நான்காம் நாள் விடியற்காலையில் குளியலறையில் விழுந்தார். பாரிசவாதம் என்று மனைவி அலறியடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். இரத்தத்தில் குளுக்கோசின் அளவு 38. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்தின் தொடக்கம் என்று கொள்ளப்படும் அளவு அது.

"ஐசே, சோத்தை விடச் சொன்னவங்கள் ஒருத்தரும் குளிசையைப் பற்றிச் சொல்லேல்லையே" என்றார் அவர்.

இப்பத்தியை எழுத வைத்தது அந்த ஒரு வசனம்.

காபோவைதரேற்றைக் குறைத்து உண்பதை எதிர்த்து நான் எழுதப்போவதாக வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. நான் அந்த உணவுமுறையில் ஆறு ஆண்டுகளாக இருப்பவன். பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த சொத்துகளுள் சலரோகமும் ஒன்று. இரவுக் கடமையில் எட்டுப் பிளேன்ரீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. பக்கம் அச்சுக்குப் போகும்வரை றோல்ஸ், போன பின்பு கொத்துரொட்டி. ஐம்பதாவது வயதில் இரத்தத்தைச் சோதித்தபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.9 ஆக இருந்தது. இன்று 6.3. ஆகவே நான் பேசுவது வெளியே நின்று கல்லெறிபவனின் பேச்சு அன்று. நான் எதிர்ப்பது பாதி அறிவுரையை. தட்டிலிருந்து எதை எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, அந்த இடத்தில் எதை வைப்பது, குளிசையை என்ன செய்வது, யார் இதைச் செய்யவே கூடாது என்பவற்றைச் சொல்லாமல் விடும் அறிவுரை சலரோகத்தைவிட விரைவாக ஆளை வீழ்த்தும்.

முதலில், சோற்றைக் குறைக்கத்தான் வேண்டுமா என்று கேட்போருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், நம்மிற் பெரும்பாலோர் குறைக்க வேண்டும். சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் காபோவைதரேற்று உண்டு. ஒரு கோப்பைச் சோறு 45 கிராம். மதியம் நாம் தட்டில் குவிப்பது மூன்று கோப்பைக்குக் குறையாது. காலையில் கால் றாத்தல் பாண் சாப்பிட்டால் அதில் 50 கிராமுக்கு மேல். இரவு இடியப்பமோ பிட்டோ வேறு. இவை அனைத்தும் குடலில் குளுக்கோசாகி இரத்தத்தில் இறங்குகின்றன. நாள் முழுவதும் வயலில் நின்றவரின் தசை அதை எரித்தது. கதிரையில் அமர்ந்திருப்பவரின் சதையி அதைச் சமாளிக்க இன்சுலினைச் சுரந்து சுரந்து ஒரு நாள் தளர்ந்துபோகிறது. இலங்கையர் பெறும் உணவுச் சக்தியில் 70 சதவீதத்துக்கும் மேல் காபோவைதரேற்றிலிருந்தே வருகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. புரதத்தின் பங்கோ பத்துச் சதவீதத்தை அடுத்து நிற்கிறது.

அதன் விளைவையும் பாருங்கள். 2005–2006 காலத்தில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வு, வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்குச் சலரோகம் என்றது. நாடளாவியது என்று பெயர்தான். யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. நாம் எண்ணிக்கையிலேயே வரவில்லை. 2018–2019 இல் நடந்த மற்றோர் ஆய்வு ஐந்தில் ஒருவருக்கு மேல் என்கிறது. இடையில் கழிந்தவை பதின்மூன்று ஆண்டுகள் மட்டுமே. இந்த எண்களை வைத்துக்கொண்டு, "சோறு தின்னாதவன் தமிழனா?" என்று மீசை முறுக்குவது கேலிக்கூத்து.

சோறு நம் பண்பாடு என்போருக்கு ஒரு வார்த்தை. இத்தீவில் சோறு பண்பாடாக இருந்ததைவிட அரசியலாக இருந்த காலமே அதிகம். 1953 இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடே ஹர்த்தாலில் எழுந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். அரிசி தருவோம் என்பதே பல தேர்தல்களின் முழக்கம். யாழ்ப்பாணத்தின் நம் பாட்டன்மார் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு உண்டவர்கள் அல்லர். குரக்கனும் சாமையும் ஒடியற்கூழும் பனங்கிழங்கும் அவர்களது அன்றாடம். தீட்டிய அரிசியையும் கோதுமை மாவையும் பாணையும் மூன்று வேளையும் நம் வயிற்றில் நிரப்பியதில் சங்கக் கடைக்கும் கப்பலுக்கும் பெரும் பங்குண்டு. அதைப் பண்பாடு என்று கும்பிட வேண்டியதில்லை.

ஆனால் இந்த இடத்தில் இன்னொரு மாயையும் புகுந்துகொள்கிறது. "சோற்றை விட்டுவிட்டேன், குரக்கன் பிட்டுத்தான், சீனியை விட்டுவிட்டேன், பனங்கட்டிதான்" என்று பெருமையாகச் சொல்வோர் என் உறவினரிலேயே பலர். குரக்கன் மா 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் காபோவைதரேற்றே. ஒடியல் மாவின் பெரும்பகுதியும் மாப்பொருளே. குரக்கனில் கல்சியமும் நார்ப்பொருளும் தாராளமாக உண்டு என்பது உண்மை. அதனால் வெள்ளை மாவைவிட அது மேலானது. ஆனால் மூன்று நீத்துப்பெட்டி பிட்டு உண்பவருக்கு அந்த மேன்மை உதவாது. பனங்கட்டி, கருப்பட்டி, தேன் எல்லாம் இரத்தத்தில் இறங்கும்போது சீனியின் உடன்பிறப்புகளே. பாட்டன் குரக்கன் உண்டு நலமாக இருந்ததற்குக் குரக்கனோடு மண்வெட்டியும் காரணம் என்பதை மறக்கலாகாது.

இனி மறுதரப்புக்கு வருகிறேன். இவர்கள் சோற்றை விட்டவர்கள். விட்டதோடு நில்லாமல் ஒரு மதத்தையே நிறுவிவிட்டவர்கள். கோப்பியில் வெண்ணெய் போட்டுக் குடிப்பது இவர்களது தீர்த்தம். கொலஸ்ரரோல் என்பது மருந்துக் கம்பனிகளின் சூழ்ச்சி என்பது வேதவாக்கு. இன்றைய விஞ்ஞானம் நேற்றுக் கண்டுபிடித்த அற்புதம் இது என்பது பிரசாரம்.

அற்புதமுமன்று, புதியதுமன்று. 1863 இல் இலண்டனில் வில்லியம் பான்ரிங் என்ற பிரேதச்சேவைக்காரர், வைத்தியர் ஒருவரின் ஆலோசனைப்படி பாணையும் சீனியையும் உருளைக்கிழங்கையும் விட்டு உடல் மெலிந்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். 1922 இல் இன்சுலின் மருந்தாக வரும்வரை, சலரோகிகளுக்கு மருத்துவம் தந்த ஒரே வழி மாப்பொருளை ஏறத்தாழ முற்றாக விலக்கிய பட்டினி உணவுதான். அதனால் சிலரது ஆயுள் சற்று நீண்டது. ஆனால் எலும்புந்தோலுமாக நீண்டது. 1972 இல் அமெரிக்க வைத்தியர் றொபேட் அற்கின்ஸ் எழுதிய நூல் இதனை மீண்டும் உலகெங்கும் பரப்பியது. 2000 களின் தொடக்கத்தில் உச்சிக்குப் போன அந்த அலை வடிந்து, அவர் நிறுவிய கம்பனி 2005 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அலைகள் வரும், போகும். அலையோடு அடிபட்டவன் மட்டும் கரையில் கிடப்பான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2018 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்புக் குறைந்த உணவும் மற்றதற்குக் காபோவைதரேற்றுக் குறைந்த உணவும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். முதற்பிரிவினர் சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாம் பிரிவினர் 6 கிலோவும் மெலிந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே முடிவு. எடை குறைப்பதற்கு இதுவே ஒரே வழி என்ற வாதம் அங்கே உடைகிறது. ஆனால் சலரோகிகளின் குளுக்கோசைக் கட்டுப்படுத்துவதில் காபோவைதரேற்றைக் குறைப்பதற்கு வலுவான சான்று உண்டு என்று அமெரிக்கச் சலரோகச் சங்கமே 2019 இல் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அதே 2018 இல் லான்செற் குழும மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. பதினையாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களை இருபத்தைந்து ஆண்டுகளளவு பின்தொடர்ந்த ஆய்வு அது. உணவுச் சக்தியில் 50 முதல் 55 சதவீதம் காபோவைதரேற்றிலிருந்து பெற்றவர்களிடையே மரணவீதம் மிகக் குறைவு. 70 சதவீதத்துக்கு மேற்போனவர்களிடம் அது கூடியது. 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கியவர்களிடமும் கூடியது. குறைத்த இடத்தை இறைச்சியாலும் விலங்குக் கொழுப்பாலும் நிரப்பியவர்களுக்கு ஆபத்து அதிகம். பருப்பு, விதை, மரக்கறி என்பவற்றால் நிரப்பியவர்களுக்குக் குறைவு. இத்தகைய அவதானிப்பு ஆய்வு காரணத்தை நிரூபிக்காது என்பது உண்மையே. ஆயினும் நம் தட்டுக்கு அது சொல்லும் செய்தி தெளிவானது. எடுத்தது எவ்வளவு என்பதோடு, அந்த இடத்தில் வைத்தது என்ன என்பதும் கேள்விதான்.

நமக்கு மிக அண்மையான சான்று சென்னையிலிருந்து வந்தது. இந்தியாவெங்கும் 18,090 பேரின் உணவை ஆராய்ந்து 2022 இல் வெளியான ஆய்வில், சலரோகிகள் காபோவைதரேற்றை 49 முதல் 54 சதவீதத்துக்கும், புரதத்தை 19 முதல் 20 சதவீதத்துக்கும் கொண்டுவந்தால் நோய் தணிய வாய்ப்புண்டு எனக் கணித்திருக்கிறார்கள். கவனியுங்கள். பூச்சியம் அல்ல, பத்துச் சதவீதமும் அல்ல. எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்குங்கள் என்பதே கணக்கு. மூன்று கோப்பைச் சோறு ஒன்றாக வேண்டும். மீனும் பருப்பும் கீரையும் இரண்டு மடங்காக வேண்டும். இதற்கு வெண்ணெய்க் கோப்பியும் வேண்டாம், புதிய மதமும் வேண்டாம்.

கொழுப்பைப் பற்றிய அலட்சியம் நம்மவருக்குக் குறிப்பாகக் கேடானது. தெற்காசியருக்கு மாரடைப்பு மற்றையோரைவிட இளவயதிலேயே வருகிறது. சோற்றை விட்டு வெண்ணெயிலும் கொழுத்த இறைச்சியிலும் இறங்குவோர் சிலருக்குக் கெட்ட கொலஸ்ரரோல் எனப்படும் எல்.டி.எல். வெகுவாக உயர்ந்துவிடுகிறது. சீனி இறங்கியது என்று கொண்டாடும் வீட்டில் எல்.டி.எல். ஏறுவதை யாரும் பார்ப்பதில்லை. அந்தச் சோதனையைச் செய்யாதவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாகனம் ஓட்டுகிறான்.

வைத்தியர்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற மூதாட்டிக்கு வைத்தியரிடம் கிடைப்பது இரண்டு நிமிடம். "அம்மா, சோத்தைக் குறையுங்கோ." அவ்வளவுதான். எவ்வளவு குறைப்பது, பசித்தால் எதை உண்பது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. வாசலில் நிற்கும் நூறு பேரை நினைத்தால் அவர் மீது கோபிக்கவும் முடியவில்லை. ஆனால் அவர் விட்ட இடைவெளியில்தான் காணொளிக்காரர் வந்து குந்திக்கொள்கிறார். போசணை ஆலோசகர் ஒருவரை ஒவ்வொரு கிளினிக்கிலும் அமர்த்துவது ஓர் அரசுக்கு இயலாத காரியமா?

இவற்றுக்கெல்லாம் அடியில் காசு என்றொன்று இருக்கிறது. ஸ்காபரோவில் அமர்ந்துகொண்டு சால்மன் மீனையும் அவகாடோவையும் பாதாம் மாவையும் பரிந்துரைப்பது எளிது. 2022 இல் பொருளாதாரம் வீழ்ந்தபோது இந்த நாட்டில் முட்டையும் மீனும் பருப்பும் ஏறிய விலையை நாம் மறக்கவில்லை. காலையும் மாலையும் கோதுமை ரொட்டியோடு கொழுந்து பறிக்கப் போகும் மலையகத் தாய்க்கும் சலரோகம் உண்டு. அவள் ரொட்டியைத் தின்பது அறியாமையால் அன்று; அதுவே மலிவாக வயிற்றை நிரப்புவதால். அவளுக்குப் பயன்படாத அறிவுரை பாதிச் சமூகத்துக்குப் பயன்படாத அறிவுரை. அவளுக்குச் சொல்ல வேண்டியவை நெத்தலிக் கருவாடும், சோயாவும், வேலியோரத்து முருங்கையிலையும், வல்லாரையும், அவித்த பயறும், ரொட்டியில் ஒன்று குறைவும்தான்.

எனவே, இறங்க நினைப்போருக்கு என் அனுபவத்தாலும் வாசிப்பாலும் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தட்டைத் தொடுமுன் குளிசைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். இன்சுலின், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் ஆகியவை நீங்கள் சோறு உண்பீர்கள் என்ற கணக்கில் தரப்பட்டவை. சோறு குறைந்தால் அவற்றின் அளவும் குறைய வேண்டும். இல்லையேல் குளுக்கோசு பாதாளத்துக்கு இறங்கும். என் நண்பர் விழுந்தது அதனாலேயே. எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுப்போர் காபோவைதரேற்றைக் கடுமையாகக் குறைத்தால், குளுக்கோசு சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தம் அமிலமாகும் கொடிய நிலை நேரலாம். இரத்த அழுத்தக் குளிசையின் அளவும் மாற வேண்டி வரலாம். மெற்போமின் தனித்து எடுப்போருக்கு ஆபத்து குறைவு. ஆயினும் வைத்தியருக்குத் தெரியாமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். குளிசையைக் குப்பையில் எறியச் சொல்பவர் உங்கள் நண்பர் அல்லர்.

இரண்டாவது, படிப்படியாக இறங்குங்கள். முதல் வாரம் சீனியும் இனிப்புப் பானமும் போகட்டும். அடுத்து பாணும் றோல்சும். பின்பு சோறு மூன்று கோப்பையிலிருந்து இரண்டாகி, ஒன்றாகட்டும். வீட்டில் குளுக்கோசு அளக்கும் கருவி இருந்தால், தொடக்க வாரங்களில் உணவுக்கு முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும் அளந்து குறித்துவையுங்கள். எந்த உணவு உங்கள் உடலில் என்ன செய்கிறது என்பதை அந்தக் கொப்பிதான் சொல்லும், காணொளி சொல்லாது.

மூன்றாவது, வெற்றிடத்தை வெறுமையாக விடாதீர்கள். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஆறு. பருப்பும் கடலையும் பயறும் காபோவைதரேற்று உள்ளவையே. எனினும் அவற்றின் நார்ப்பொருளும் புரதமும் அதை மெதுவாகவே இரத்தத்தில் இறக்கும். பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், கீரைகள் எல்லாம் தட்டின் பாதியை நிரப்பட்டும். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் கறி என்ற பெயரில் வரும் சோறே. தேங்காய்ப்பாலை ஒழிக்க வேண்டியதில்லை. சொதியில் அளவாக இருக்கட்டும். தண்ணீர் போதியளவு குடியுங்கள். தொடக்கத்தில் தலையிடியும் மலச்சிக்கலும் வரக்கூடும். நீரும் கீரையும் உதவும்.

நான்காவது, மூன்று மாதத்தில் எச்.பி.ஏ.1.சி.யையும், கொலஸ்ரரோலையும், சிறுநீரகத்தின் நிலையையும் சோதியுங்கள். எண்கள் ஒத்துழைத்தால் தொடருங்கள். இல்லாவிட்டால் மாற்றுங்கள். இதில் மான அவமானம் ஏதுமில்லை.

ஐந்தாவது, சிலர் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர், முதலாம் வகைச் சலரோகிகள், சிறுநீரகம் பழுதுபட்டோர், ஏற்கெனவே மெலிந்த முதியோர் ஆகியோர் நிபுணரின் கண்காணிப்பின்றி இப்பக்கம் வரலாகாது. சிறுநீரக நோயாளிக்குப் புரதத்தைக் கூட்டுவதே தீங்காகலாம். வட மத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை அழித்தது என்று அறிந்த நாட்டில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

என் மதியத் தட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பைச் சிவப்பரிசிச் சோறு. இரண்டு துண்டு பாரை, அல்லது கைநிறையச் சூடை. முருங்கையிலை வறை, பாகற்காய்க் கறி, கொஞ்சம் பருப்பு. இரவு பெரும்பாலும் முட்டையும் மரக்கறியும். கல்யாண வீட்டில் ஒரு பிடி கூடுதலாக உண்பேன், மறுநாள் அரை மணித்தியாலம் கூடுதலாக நடப்பேன். ஆறு ஆண்டுகள் என்னால் இதில் நிற்க முடிந்ததற்குக் காரணம், இது என் வீட்டு அடுப்பிலேயே வேகும் உணவாக இருந்ததுதான்.

நண்பர் வீடு திரும்பிவிட்டார். வைத்தியர் அவரது குளிசையை அரைவாசியாகக் குறைத்து, சோற்றையும் ஒரு கோப்பையாக அளந்து கொடுத்திருக்கிறார். குளுக்கோசு கட்டுக்குள் இருக்கிறது. சரியாகச் செய்திருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கக்கூடிய பலன். நெற்றித் தழும்புதான் மேலதிகம்.

புலம்பெயர்ந்து வாழும் மருமக்களுக்கும் பெறாமக்களுக்கும் இறுதியாக ஒன்று. ஊரிலிருக்கும் பெரியவர்கள் மீது நீங்கள் வைத்திருக்கும் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பினால்தான் காணொளியை அனுப்புகிறீர்கள். அடுத்த முறை அனுப்புவதற்கு முன், தொலைபேசியை எடுத்து ஒரேயொரு கேள்வி கேளுங்கள்:

"மாமா, நீங்கள் இப்ப என்ன குளிசை போடுறியள்?"